மீன் தொட்டியின் குறுக்குப் பட்டை

கூடத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நாலைந்து மீன்கள், சிறிது நீர்ச்செடி, அடியில் கூழாங்கல் இருந்தால் போதும். அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்கு சுவர்களுக்குள்ளும் ஒரு குளக்கரையின் சாயல் வந்துவிடுகிறது. சொந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய தொட்டிகளைக் காண்கிறோம். அலங்கார மீன் வளர்ப்புக்குப் பெயர் பெற்ற சென்னைக் கொளத்தூரில் பிறந்த மீன்கள் வெளிமாநிலங்களுக்கும் பயணம் செய்கின்றன. கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் மீன் வாங்க வருவோர் பலர். மீனைப் பற்றியும் அதன் உணவைப் பற்றியும் பேசுவோர் நிறைய உண்டு. தொட்டியைப் பற்றி, அதிலும் அதன் தலைமாட்டில் குறுக்கே கிடக்கும் ஒரு சாண் பட்டையைப் பற்றிப் பேசுவோர் அரியர். அந்தப் பட்டையையே இன்று நாம் பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

நீளமான தொட்டிகளில் முன்கண்ணாடியின் மேலோரத்தையும் பின்கண்ணாடியின் மேலோரத்தையும் நடுவில் இணைத்து ஒரு பட்டை இருக்கும். சிலவற்றில் அது கண்ணாடி; சிலவற்றில் மேற்சட்டத்தோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக். விளக்கை வைக்கவும் மூடியைத் தாங்கவும் அமைத்ததுபோல் அது தோன்றுகிறது. ஆதலால் அது முறிந்தாலும் ஒட்டு விட்டாலும், "மூடிதானே, பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடுகிறோம். இந்தக் கருத்துத் தவறானது மட்டுமன்று, அபாயமானதுமாகும். ஏன் என்பதை ஆராய்வோம்.

நம் ஊர் ஏரிக்கரையை நினைவுக்குக் கொண்டு வருவோம். கரையின் அடி அகன்றும் தலை குறுகியும் இருக்கும். ஏரி நீரின் தள்ளுவிசை மேலே சிறிதாகவும் ஆழத்திற்குப் போகப் போகப் பெரிதாகவும் இருப்பதே அதற்குக் காரணம். நீரின் அழுத்தம் நீரின் மொத்த அளவைப் பொறுத்ததன்று, ஆழத்தையே பொறுத்தது என்னும் உண்மையை ஸைமன் ஸ்டெவின் என்னும் டச்சு அறிஞர் 1586ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதி விளக்கினார். ஏரிக்குப் பொருந்தும் அந்த உண்மை கூடத்துத் தொட்டிக்கும் பொருந்தும்.

பலர் வீட்டில் உள்ள 4 அடித் தொட்டியையே கணக்கிட்டுப் பார்ப்போம். நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 45 செ.மீ. விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 240 லிட்டர், அதாவது 240 கிலோ தண்ணீர். மேல்மட்டத்தில் அழுத்தம் இல்லை. அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 45 கிராம். சராசரி 22.5 கிராம். முன்கண்ணாடியின் பரப்பு 5,400 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால், அந்த ஒரு கண்ணாடியை மட்டும் நீர் ஏறத்தாழ 120 கிலோ விசையுடன் வெளியே தள்ளுகிறது என்பது விளங்கும். இரண்டு பெரிய மனிதர்கள் உட்புறமிருந்து இராப்பகலாக ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பதற்கு இது சமம்.

தள்ளுவிசை அடியில் அதிகம் என்றால், பட்டையை மேலே வைப்பானேன் என்ற கேள்வி எழலாம். கண்ணாடியின் அடியோரம் முழுவதும் தரைக்கண்ணாடியோடு ஒட்டப்பட்டிருக்கிறது. இரு பக்க ஓரங்களும் பக்கக் கண்ணாடிகளோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. மேலோரத்திற்கு மட்டுமே பிடிப்பு இல்லை. அந்த ஓரத்திலும் நடுப்பகுதிதான் எல்லாப் பிடிப்புகளுக்கும் மிகத் தொலைவில் உள்ளது. எனவே கண்ணாடி வெளிப்புறமாக வளைவது அங்கேதான். முன்கண்ணாடி முன்னே வளைய, பின்கண்ணாடி பின்னே வளைய, இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துகிறது குறுக்குப் பட்டை. அது தூண் அன்று, கயிறு. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது அதன் வேலையன்று. இருபுறமும் இழுக்கும் இழுப்பைத் தாங்குவதே அதன் வேலை. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால், அதைச் செப்பனிடும் முறை முழுவதும் தானே விளங்கிவிடும்.

பழைய நாளில் இத்தகைய பட்டை பற்றிய கவலை இல்லை. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853ஆம் ஆண்டில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டதற்குப் பின் பல்லாண்டுக் காலம், தொட்டிகள் உலோகச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி மக்குப் பூசிச் செய்யப்பட்டன. நான்கு புறமும் சட்டமே இறுக்கிப் பிடித்தது. 1960களில் சிலிக்கோன் பசை புழக்கத்திற்கு வந்த பிறகு சட்டம் இல்லாமலே கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் முறை பரவிற்று. தொட்டி அழகு பெற்றது, துருத்தொல்லை நீங்கியது. ஆனால் உலோகச் சட்டம் செய்துவந்த வேலையின் ஒரு பெரும்பங்கு இந்த ஒரு சாண் பட்டையின் மேல் வந்து விழுந்தது.

பட்டை முறிவதற்குக் காரணங்கள் சில உண்டு. மாற்றலாகி வீடு மாறும்போது பட்டையைக் கைப்பிடியாக்கிக் கொண்டு தொட்டியைத் தூக்குவது முதற்காரணம். சூடு மிகுந்த விளக்கைப் பிளாஸ்டிக் பட்டையின் மேலேயே வைப்பது மற்றொன்று. நாளடைவில் பிளாஸ்டிக் வறண்டு வெடிக்கிறது. தொட்டி நிற்கும் மேசை சமமாக இல்லாவிடில் தொட்டி முழுவதும் முறுக்கேறி, அந்த முறுக்குப் பட்டையின் ஒட்டில் போய் முடிகிறது. தொடக்கத்திலேயே ஒட்டு குறைவாக இருப்பதும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

"பட்டை போய் ஒரு வாரம் ஆயிற்று, தொட்டி நன்றாகத்தானே நிற்கிறது?" என்று சிலர் கேட்பர். கண்ணாடியின் இயல்பை அறிந்தால் இந்தக் கேள்வி எழாது. கண்ணாடி உடைவது பெரும்பாலும் அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களிலிருந்தே என்பதை ஆங்கிலப் பொறியியலறிஞர் கிரிஃபித் 1921ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் விளக்கினார். வளைந்து நிற்கும் கண்ணாடியில், ஈரமும் சேர்ந்திருக்குமானால், அந்தக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல வளர்கின்றன. இரும்பைப்போல் வளைந்து எச்சரித்துவிட்டுக் கண்ணாடி உடைவதில்லை. நேற்று நின்றது என்பது இன்றும் நிற்கும் என்பதற்குச் சான்றாகாது. இன்று அதன் கீறல் நேற்றையதைவிடச் சற்று நீண்டிருக்கலாம் என்பதே உண்மை. பெர்லின் நகரத்து விடுதி ஒன்றில் 10 லட்சம் லிட்டர் நீர் கொண்ட மாபெரும் அக்ரிலிக் தொட்டி 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் திடீரென வெடித்துச் சிதறியது. அதன் அமைப்பு வேறு, பொருள் வேறு. ஆயினும் நீர் உடைத்துக்கொண்டு வெளிவரும்போது படிப்படியாக வருவதில்லை என்பதை அது உலகுக்குக் காட்டிற்று.

நம் வீட்டில் இவ்வாறு நேர்ந்தால் 240 லிட்டர் நீரும் தரையில் பரவும். கண்ணாடித் துண்டுகள் சிதறும். தரையில் கிடக்கும் மின்கம்பிகளில் நீர் ஏறும். கீழ்வீட்டின் கூரையிலும் சுவரிலும் இறங்கும். வாடகை வீட்டில், வேற்றூரில், கீழ்வீட்டாருக்குப் பதில் சொல்ல நேரும் சங்கடத்தை விவரிக்க வேண்டியதில்லை. குழந்தைகள் அந்தக் கண்ணாடிக்கு முன்னேதான் உட்கார்ந்து மீன் பார்க்கிறார்கள் என்பதையும் மறவாதிருப்போம்.

ஆகவே பட்டை முறிந்ததைக் கண்டவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம் பசை தேடுவதன்று, நீரைக் குறைப்பது. நீர் வெப்பமூட்டி, வடிகட்டி, விளக்கு ஆகியவற்றின் மின்தொடர்பை முதலில் துண்டித்துவிட வேண்டும். வெப்பமூட்டி ஆறிய பிறகே நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கலாம்; சூட்டோடு காற்றுப்பட்டால் அது வெடிக்கும். பிறகு குழாய் வைத்து நீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நீரின் உயரம் பாதியானால் தள்ளுவிசை பாதியாவதில்லை; நாலில் ஒன்றாகிறது. 120 கிலோ 30 கிலோவாகிவிடும். அந்த 30 கிலோவும் அடிப்பகுதியிலேயே நிற்பதால் மேலோரத்திற்கு வருவது மிகச் சொற்பம். ஆதலால் மீன்களை அவசரமாக வெளியேற்ற வேண்டிய தேவையும் அந்த நேரத்தில் இல்லை.

அடுத்தது சோதனை. முன்கண்ணாடியின் மேலோரத்தில் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, கண்ணாடியின் உட்பக்கமாக, ஒரு நூலை இறுகப் பிடித்துப் பார்த்தால், நடுவில் கண்ணாடி நூலை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரியும். நீர் குறைந்ததும் கண்ணாடி தானாகவே நிமிர்ந்து நூலோடு சேர வேண்டும். சேரவில்லையென்றால் மூலை ஒட்டுகள் நகர்ந்திருக்கலாம். மூலைகளில் சிலிக்கோன் வெளுத்தோ, குமிழ் கண்டோ, பிரிந்தோ இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் நோக்க வேண்டும். பெரிய கண்ணாடிகளில் ஒன்றிலேனும் விரிசல் இருந்தாலும், மூலை ஒட்டு பிரிந்திருந்தாலும், தொட்டியின் உயரம் 60 செ.மீட்டருக்கு மேற்பட்டிருந்தாலும், வீட்டிலேயே செப்பனிட முயலலாகாது. உயரம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதை நினைவிற்கொள்க. அத்தொட்டியைத் தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே விவேகம்.

பட்டை மட்டுமே போயிருந்தால் செப்பனிடுவது கடினமன்று. முறிந்த கண்ணாடிப் பட்டையின் இரு துண்டுகளை முனையோடு முனை சேர்த்து ஒட்டுவது பயன் தராது. புதிய பட்டையை முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே செருகி, அதன் இரு முனைகளில் மட்டும் பசை வைப்பதும் போதாது. காரணத்தைக் கணக்கே சொல்லும். முன்கண்ணாடியின் மேலோரத்திற்கு வரும் விசையில் பக்கக் கண்ணாடிகள் ஒரு பகுதியைத் தாங்க, பட்டையின் பங்கு 20 கிலோ என்று கொள்வோம். பட்டை 6 மி.மீ. கனமும் 10 செ.மீ. அகலமும் உடையதாயின், அதன் முனையின் பரப்பு 6 சதுர செ.மீ. மட்டுமே. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பசையும் 3 கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியதாகிறது. கண்ணாடி தாங்கும், பசை சோர்ந்துபோகும். மாறாக, பட்டையைப் படிய வைத்து, ஒவ்வொரு முனையிலும் 4 செ.மீ. அளவு மேற்படிந்து ஒட்டினால் பரப்பு 40 சதுர செ.மீ. ஆகிறது, இழுப்பு அரைக் கிலோவாகக் குறைகிறது. குறுக்குப் பட்டையின் வலிமை கண்ணாடியில் இல்லை. ஒட்டின் பரப்பில் இருக்கிறது. தொட்டி செய்வோர் சிலர் இதில் காட்டும் சிக்கனமே பிற்காலத்து முறிவுக்குக் காரணமாகிறது.

படிய வைப்பதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ? நன்கு செய்த தொட்டிகளில் முன்கண்ணாடி, பின்கண்ணாடி இரண்டின் உட்புறத்திலும், விளிம்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே, 5 செ.மீ. அகலமுள்ள நீளப் பட்டைகள் ஒட்டியிருக்கும். அவை நீளம் முழுவதும் ஒட்டியிருப்பதால் இழுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. அவை இல்லையென்றால் முதலில் அவற்றை ஒட்டி, ஒரு வாரம் உலரவிட்டு, பின்னரே குறுக்குப் பட்டைக்கு வர வேண்டும். குறுக்குப் பட்டையை நீளப் பட்டைகளின் மேற்புறத்தில் வைப்பது எளிது. தன் எடையாலேயே படிந்து நிற்கும்.

கண்ணாடிக் கடையில் பக்கக் கண்ணாடியின் கனமோ, அதைவிட ஒரு படி கூடுதலான கனமோ உள்ள பட்டையை, 10 முதல் 15 செ.மீ. அகலத்தில் வெட்டித் தரும்படி கேட்கலாம். தொட்டியின் உள்ளகலத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. குறைவாக நீளம் இருத்தல் வேண்டும். சரியாக இருந்தால் வைக்கும்போது கண்ணாடியைத் தள்ளும். விளிம்புகளைத் தேய்த்து மழுக்கித் தரச் சொல்வது அவசியம். கை அறுபடாமல் இருப்பதற்கு மட்டுமன்று, முன்னர்ச் சொன்ன கீறல்கள் விளிம்பிலேயே தொடங்குகின்றன என்பதற்காகவும்.

பசை வாங்கும்போது கவனம் தேவை. கண்ணாடிக்குரிய சாதாரணச் சிலிக்கோன் பசை, உலரும்போது காடி வாசனை வீசும், அஃது ஏற்றது. குளியலறைக்கென விற்கும் பசையில் பூஞ்சை பிடிக்காதிருப்பதற்கு மருந்து கலந்திருக்கும். அது மீன்களுக்கு நஞ்சு. குழலின் மேல் "மீன் தொட்டிக்கு உகந்தது" என்றிருப்பதைப் பார்த்து வாங்குவதே சிறந்தது.

ஒட்டும் நாளில் மீன்களை அகன்ற பிளாஸ்டிக் தொட்டிக்கு அதே நீரோடு மாற்றி, காற்றுக்குழாய் விட வேண்டும். வடிகட்டியினுள் இருக்கும் பஞ்சையும் அந்த நீரிலேயே நனைத்து வைக்க வேண்டும்; மீன் கழிவைத் தூய்மைசெய்யும் நுண்ணுயிர்கள் அதில்தான் வாழ்கின்றன. குழாய் நீரில் அலசினால் குளோரினால் அவை மடியும். தொட்டி காலியானதும் கண்ணாடி நிமிர்ந்து நிற்கும். கயிற்றாலோ இடுக்கியாலோ இறுக்கி மேலும் உள்ளே இழுக்க முயல வேண்டாம்.

பழைய பசையைச் சவர பிளேடால் முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். புதிய சிலிக்கோன் பழைய சிலிக்கோன்மேல் ஒட்டாது. இந்த ஒரு விதியை மீறுவதால் வீணாகும் வேலைகள் பல. பிறகு ஒட்டுமிடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, விரல் படாமல் பசையைத் தாராளமாக இட்டு, பட்டையை மெல்ல அழுத்தி வைக்க வேண்டும். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும்படி அழுத்தலாகாது, 1 மி.மீ. அளவேனும் இடையில் தங்க வேண்டும். அது ரப்பர் ஆதலால், இழுப்புக்கு இசைந்து கொடுக்கச் சிறிது கனம் தேவை.

உலர்வதைப் பற்றி, பல ஊர்களில் வாழும் நாம் தனியே அறிய வேண்டியது ஒன்று உண்டு. சிலிக்கோன் வெயிலால் காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உட்கொண்டே இறுகுகிறது. மும்பையின் மழைக்காலத்தில் விரைவில் இறுகும்; ஆனால் கண்ணாடியில் ஈரப்படலம் இருந்தால் ஒட்டாது. தில்லியின் மே மாத வெப்பக் காற்றில் ஈரம் இல்லை, ஜனவரிக் குளிரில் வேகம் இல்லை, இரண்டிலும் தாமதமாகும். அறையில் ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்தல் வறண்ட நாளில் உதவும். மேலும், இரு கண்ணாடிகளுக்கு இடையே அகப்பட்ட பசை ஓரத்திலிருந்து உள்நோக்கியே இறுகுவதால், வெளியே கெட்டியாகத் தோன்றும்போதும் நடுவில் பச்சையாகவே இருக்கும்.

ஆகையால் பொறுமையோடு படிப்படியாகச் செல்வோம். மூன்று நாள் கழித்து, காடி வாசனை அடங்கியதும், பாதியளவு நீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விடலாம். பாதி நீரில் பட்டைக்கு வேலை மிகக் குறைவு என்பதை முன்னமே கண்டோம். அப்படியே இரண்டு வாரம் இருக்கட்டும். அதன்பின் நாளொன்றுக்கு 5 செ.மீ. வீதம் நீரை உயர்த்தி, ஒவ்வொரு நாளும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊற்றும் புதுநீரில் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்க்க மறக்கலாகாது. விளிம்புக்கு 3 செ.மீ. கீழேயே நிறுத்திக்கொண்டால் பட்டைக்கு என்றும் சற்று ஓய்வு கிடைக்கும்.

பிளாஸ்டிக் சட்டத்தோடு கூடிய பட்டை முறிந்தால் முறை வேறு. சிலிக்கோன் பிளாஸ்டிக்கைச் சரியாகப் பற்றாது. உடனே ஒட்டும் பசைகள் முறிந்த வாயை இணைக்கும். இழுப்பை நெடுநாள் தாங்கா. அதே அளவுச் சட்டம் கிடைத்தால் மாற்றிவிடுவது நலம். கிடைக்காதபோது, சட்டத்திற்குக் கீழே கண்ணாடியின்மேல் நேரடியாக நீளப் பட்டைகளையும் குறுக்குப் பட்டையையும் மேற்சொன்னவாறு ஒட்டுவதே நம்பத்தக்க வழி. முறிந்த இரு துண்டுகளின்மேலும் ஒரு தகடு வைத்துத் துளையிட்டு முடுக்குவதும் உண்டு. அப்போது தகடும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருத்தல் வேண்டும். பித்தளையும் செம்பும் கூடா. அவற்றிலிருந்து நீரில் கசியும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் கேடு.

செப்பனிட்ட பின் மேசையின் மட்டத்தையும் இரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தொட்டி காலியாக இருக்கும்போதே அடியில் ஒரு தெர்மோகோல் தகடு விரித்துவிட்டால் முறுக்கு நீங்கும். பட்டையின்மேல் எதனையும் வைக்காதிருப்போம். ஊர் மாறும்போது நீரையும் கல்லையும் அடியோடு எடுத்துவிட்டு, தரைக்கண்ணாடியின் கீழே கைகொடுத்துத் தூக்குவோம்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு துண்டுக் கண்ணாடியும் ஒரு குழல் பசையுமே. மிகுதி தேவைப்படுவது மூன்று வாரப் பொறுமை. மாதம் ஒருமுறை தொட்டியைத் தூய்மைசெய்யும் நாளில் நூலொன்றை எடுத்து மேலோரத்தில் பிடித்துப் பாருங்கள். போன மாதம் இருந்த இடைவெளியே இந்த மாதமும் இருக்குமானால் கண்ணாடி அசையவில்லை என்று பொருள். ஒரு நூலளவு கூடியிருந்தாலும், வேறு யோசனைக்கு இடமின்றி முதலில் நீரைப் பாதியாகக் குறையுங்கள். மற்றவற்றைச் செய்ய அதற்குப் பின் வேண்டிய அவகாசம் இருக்கும்.